கிழக்கே இருப்பவர்கள்

நேற்றிரவு முந்நூற்றுப் பதினாறு.
சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள்
முந்நூற்று நாற்பது.
படிக்காதவற்றின் கணக்கைச் சிவப்பு வட்டத்தில்
காட்டிக்கொண்டே இருக்கிறது போன்,
கடன்காரன் வாசலில் நின்று
தெருவுக்குக் கேட்கத் தொகையைச் சொல்வதுபோல.

கச்சனம் கொள்முதல் நிலையத்தில்
எனக்குப் பட்டியல் எழுத்தர் வேலை.
ஈரப்பதம் பதினேழுக்கு மேல் என்றால்
காயவைத்து நாளைக்குக் கொண்டுவா.
இயந்திரம் தூற்றும். நெல் ஒரு பக்கம், பதர் ஒரு பக்கம்.
கருக்காய் மட்டும் இரண்டு பக்கமும் விழும்,
பாதி அரிசியை உள்ளே வைத்துக்கொண்டு.
நான் பார்க்காதவள்போல் இருந்துவிடுவேன்.

தை முடிகிற வாரம், ஞாயிற்றுக்கிழமை,
உட்கார்ந்து போனைச் சுத்தம் செய்தேன்.
'இனிய காலை வணக்கம்' இனி வராது.
ராசிபலன் வராது.
'அனைவருக்கும் பகிரவும்' வரவே வராது.
'கனமழை' என்ற சொல்லையும் மூடினேன்;
கார்த்திகையிலிருந்து அந்தச் சொல் பெய்யாத நாளில்லை,
எந்த ஊர் மழை, எந்த வருஷத்து மழை
என்று யாருக்கும் தெரியாமல்.
பிறகு ஆட்கள்.
கட்சிக்காரச் சித்தப்பா மகன்.
கூடப் படித்த அமலோற்பவம், முறுக்கு விற்கிறாள்,
வாரத்துக்கு ஒருமுறை போதும்.
வேட்டைக்காரனிருப்பு வைரக்கண்ணு
ஒரு நாளைக்குப் பதினோரு தடவை எழுதுவார்:
டீ. மருமகன். டீ சரியில்லை. கருவாட்டு விலை.
படகுக்குப் பெயின்ட் அடித்தது. மறுபடி மருமகன்.
மூடினேன்.

அன்றிரவு ஒன்பதுதான் வந்தது.
ஒன்பதையும் படித்தேன்.
ஒன்றைக் கடைசி வரி வரை படித்தேன்,
எத்தனை மாதத்துக்குப் பிறகு!

வியாழக்கிழமை.
எடை போட்ட மூட்டை எண்ணூறு வெட்டவெளியில்.
லாரி வரவில்லை. தார்ப்பாய் மடித்தபடி கிடந்தது.
வெயில் அடித்தது. போன் வாயைத் திறக்கவில்லை.
நாலரைக்கு முதல் துளி
என் பட்டியல் புத்தகத்தில், 'மூட்டை' என்று
எழுதியிருந்த இடத்தில் விழுந்து மை கலைந்தது.
சிங்காரு தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு
வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்,
வானத்தைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை.
அது அவருடைய பெருந்தன்மை.
நூற்று நாற்பது மூட்டை நனைந்தது.

இரவு, மூடியதைத் திறந்தேன்.
மதியம் மூன்று ஐந்துக்கு வைரக்கண்ணு:
'டீ குடிக்கப் போனேன். கடைக்காரன் அடுப்பைத் தூக்கி
உள்ளே வைக்கிறான். கடல் பக்கம் கன்னங்கரேல்னு
இருந்துச்சு, இதோ இறங்கிட்டுது.'
கனமழை என்ற சொல் அதில் இல்லை.
மழை என்ற சொல்கூட இல்லை.
அதற்கடுத்தது மருமகன்.

தூக்கம் வராமல் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு
வேறு மாதிரி பிரித்தேன்.
கல்லணைப் பக்கத்து ஆட்கள் தனி.
தண்ணீர் அவர்களைத் தாண்டித்தான் கடைமடைக்கு வரும்;
ஆனியில் திறந்து தையில் மூடிக்கொள்ளலாம்.
கிழக்கே கடலோரம் இருப்பவர்கள்
எதை எழுதினாலும் உடனே, சத்தத்தோடு.
எங்கள் மழை முதலில் அவர்கள் தலையில் விழுந்துவிட்டுத்தான் வரும்.
வடக்கும் தெற்கும் கல்யாணப் பத்திரிகை,
ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் போதும்.
அமலோற்பவம் இப்போது கோயம்புத்தூரில்.
அவளை எந்தத் திசையில் வைப்பது என்று தெரியாமல்
இரண்டு பாக்கெட் சொல்லிவிட்டேன்.

இன்று காலை வைரக்கண்ணு எழுதியிருக்கிறார்:
மருமகன் வேலைக்குப் போகிறானாம்.
டீக்கடையில் வெளி பெஞ்சில்
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.
டீ பரவாயில்லையாம்.

தார்ப்பாயை எடுத்துவிடுங்கள், நெல் காயட்டும் என்றேன்.
சிங்காரு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.